கோடையில் விழும் தண்ணீர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருவி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் திற்பரப்புக்குத்தான் போகிறார்கள். அங்கே கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து, 300 அடி அகலத்துக்குப் பரந்து விழுகிறது. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றுப் படுகை முழுக்க ஒரே பாறை. அந்தப் பாறையின் தலைமாட்டில் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பும் தடுப்பணை நிற்கிறது. பேச்சிப்பாறை அணை அங்கிருந்து 13 கிலோமீட்டர். ஆண்டில் சுமார் ஏழு மாதம் திற்பரப்பில் தண்ணீர் விழும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் மழைக்குப் பங்கு உண்டு, பேச்சிப்பாறையின் மதகுக்கும் பங்கு உண்டு.

தோவாளை வட்டத்தில், அழகியபாண்டியபுரத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் உலக்கை அருவி வேறு வகையைச் சேர்ந்தது. பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு வழியாகப் போய், கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டும். அருவியின் தலைக்கு மேலே அணை இல்லை. திறக்கவோ அடைக்கவோ ஆள் இல்லை. மேலே இருப்பது அசம்பு மலைக் காடும் அதற்குள்ளிருந்து இறங்கிவரும் ஓடையும்தான். கோடையிலும் தண்ணீர் கிடக்கும் அருவி என்று அதற்கு ஊரில் பெயர். ஆய்வாளரை நிறுத்தி வைக்க வேண்டிய செய்தி அதுதான் என்று நான் கருதுகிறேன்.

மழைக்காலத்து அருவி எந்த மலைக்கும் உண்டு. மூன்று நாள் அடைமழை பெய்தால் ஆரல்வாய்மொழிப் பக்கத்து மொட்டைப் பொத்தையில்கூட வெள்ளைக் கோடு இறங்கும். மழை விட்ட மறுநாள் காணாமல் போகும். அதிலிருந்து மலையைப் பற்றி அறிய ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு மாதம் கழிந்த பிப்ரவரிக் கடைசியில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில் விழுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அத்தனை நாளும் அது எங்கே இருந்தது?

பாறைக்குள் இருந்திருக்க முடியாது. இந்த மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், கோண்டலைட் வகைப் பாறைகளால் ஆனவை. சார்னோகைட்டுக்கு அந்தப் பெயர் கிடைத்தது ஒரு கல்லறையால். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைமீது கிடக்கும் பலகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1890களில் அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னோக்கின் பெயரையே பாறைக்கும் வைத்தார். நிலத்தின் அடியாழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய உருவம் பெற்ற கல் இது. மணற்கல்லில் தண்ணீர் ஊறி நிற்க இடம் உண்டு. இதில் கிடையாது, விரிசல்களில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். அருவி அந்த இடத்தில் விழுவதற்குக் காரணம் பாறையின் கெட்டித்தனம். கோடையிலும் விழுவதற்கான காரணத்தைப் பாறைக்கு மேலே தேட வேண்டும்.

அருவியின் விளிம்பைத் தாண்டி ஓடையோடு ஏறினால் கால் வைக்கும் தரை மாறுவது தெரியும். முதலில் வழுக்குப் பாறையும் உருண்டைக் கல்லும். பிறகு கரையோரத்தில் ஈத்தைப் புதர். அதற்கப்பால் மரநிழல், சருகு, அட்டை. சருகைக் கையால் விலக்கினால் மேலே காய்ந்த இலை இருக்கும். அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே இலை என்று அடையாளம் காண முடியாத கறுப்பு. விரல் எளிதாக இறங்கும். மயிர் போன்ற வேர்கள், மண்புழுத் துளை, கறையான் வழி, எப்போதோ செத்த வேர் மக்கிப்போய் விட்டுச்சென்ற குழாய் என்று அந்த மண் முழுக்க வாய்கள். அதற்குக் கீழே உளுத்துப்போன பாறை. பார்க்கக் கல், பிடித்து நெரித்தால் பொடி. மழைத்துளி இலையில் அடிபட்டு, சருகில் வேகம் குறைந்து, இந்த வாய்களுக்குள் இறங்கிவிடுகிறது. நல்ல காட்டில், மிகக் கடுமையான மழை தவிர மற்ற மழைகளில், தரைக்கு மேலே ஓடும் தண்ணீரைப் பார்ப்பதே அரிது.

இறங்கிய தண்ணீர் சரிவில் மிக மெல்ல நகர்கிறது. அந்த மெதுவை அளந்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கோவீட்டா ஆய்வகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஜான் ஹியூலெட், ஆல்டன் ஹிப்பர்ட் இருவரும் சரிவாகக் கட்டிய நீண்ட கான்கிரீட் தொட்டியில் மண்ணை நிரப்பி, அதை முழுக்க நனைத்து, மேலே மூடிவிட்டார்கள். ஒரு சொட்டு மழையும் உள்ளே போகாது, வெயிலும் உறிஞ்சாது. தொட்டியின் அடிவாயிலிருந்து மாதக்கணக்கில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. மழையில்லா நாட்களின் ஓடைக்கு நிலத்தடி ஏரி எதுவும் தேவையில்லை, சரிவில் கிடக்கும் ஈரமண்ணே போதும் என்பதற்கு அந்தத் தொட்டி சான்றாயிற்று.

நம் மலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது அளந்த கணக்கு அன்று. அளவின் பருமன் புரிவதற்கான கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் காடு. அதில் சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண். அந்த மண்ணின் பருமனில் பத்தில் ஒரு பங்கு, நனைந்த பிறகு மெல்ல வடியக்கூடிய தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 கன மீட்டர் வருகிறது. அதாவது 10 கோடி லிட்டர். அது 100 நாட்களில் வடிந்தால் நாளைக்கு 10 லட்சம் லிட்டர், விநாடிக்குச் சுமார் 12 லிட்டர். விநாடிக்கு ஒரு குடம். பாறை இடுக்கில் விழும்போது அது ஒரு சிறிய, நம்பகமான கோடை அருவி. அதே சதுர கிலோமீட்டரில் மண் அரை மீட்டராகக் குறைந்தால் அருவியும் பாதியாகும், அல்லது பாதி நாளில் நின்றுபோகும். மழையின் அளவு இம்மியும் மாறாமலே இது நடக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. காடு இருந்தால் தண்ணீர் பெருகும் என்று மேடைதோறும் சொல்கிறோம். மரம் தண்ணீரைக் குடிக்கும் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். வெப்பமண்டலக் காடு ஒரு நாளில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தண்ணீரை இலைவழியே வெளியேற்றும். காட்டோடைகளில் நுட்பமான கருவி வைத்து அளந்தவர்கள், கோடையில் காலையில் இருக்கும் ஓட்டம் பிற்பகலில் சற்றே குறைந்து, இரவில் மீள்வதைக் கண்டிருக்கிறார்கள். மரங்கள் குடிக்கும் நேரத்துக்கு ஏற்ப ஓடை ஏறி இறங்குகிறது. ஹியூலெட்டும் ஜே. எம். பாஷும் 1982இல் உலகின் 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்தபோது, மரத்தை வெட்டினால் ஓடையின் மொத்த ஆண்டு ஓட்டம் கூடுகிறது என்றே முடிவு வந்தது.

ஆனால் கூடுகிற தண்ணீர் எப்போது வருகிறது? வெட்டிய நிலம் மிதிபட்டு, எரிக்கப்பட்டு, மேல்மண் கரைந்து இறுகிப்போனால் மழைநீர் உள்ளே போகாமல் வழிந்து ஓடும். ஐப்பசியில் வெள்ளமாக வரும், மாசியில் ஒன்றும் இராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உத்தர கன்னடப் பகுதியில் ஜகதீஷ் கிருஷ்ணசாமி, மைக்கேல் போனெல் உள்ளிட்டோர் இயற்கைக் காடு, அக்கேசியாத் தோட்டம், சீரழிந்த நிலம் மூன்றையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையைக் காட்டுகிறது. காடு குடிக்கும் தண்ணீரைவிட அது மண்ணுக்குள் இறக்கிவிடும் தண்ணீர் அதிகமாக இருக்கும் இடங்களில், கோடை ஓடையைக் காப்பது காடுதான். ஆகவே காட்டின் மதிப்பை ஆண்டு மொத்தத்தில் தேடக்கூடாது. மாசியிலும் பங்குனியிலும் தேட வேண்டும்.

இந்த மலைகளின் அடியில் இருக்கும் நாஞ்சில் நாட்டுக்கு அந்த மாதங்கள் சாதாரண மாதங்கள் அல்ல. கோதையாறு பாசனத் திட்டத்தில் ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை அணைகளிலிருந்து தண்ணீர் விடுவது வழக்கம். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போக நெல்லும் அந்த ஒன்பது மாதத்துக்குள் அடங்கும். அதன் பிறகு சானல் அடைபடும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வாழைக்கும் தென்னைக்கும் தோவாளைப் பிச்சிக்கும் கிணறுகளுக்கும் கிடைப்பது கோடைமழையும், மலையிலிருந்து வடியும் சிற்றோடைகளும், குளத்தில் மிஞ்சியதும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் முழு மட்டம் 25 அடி. வறண்ட ஆண்டுகளில் அதன் மட்டம் மைனஸ் அடியில் செய்தித்தாளில் வருவதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோதையாற்று அணைகள் பெரியவை, பெயர் பெற்றவை. அவை மூடியிருக்கும் காலத்துத் தண்ணீரைத் தருகிறவற்றில் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை.

பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது, பெருஞ்சாணி 1950களின் தொடக்கத்தில். அதற்கு முன்னே பல நூற்றாண்டுகள் நாஞ்சில் நாடு நெல் விளைத்துக்கொண்டுதான் இருந்தது. பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் கால் ஒரு துணை. பழையாற்றின் குறுக்கே வரிசையாக வீரநாராயணமங்கலம், சோழன்திட்டை, பிள்ளைப்பெத்தான் என்று நீளும் சிற்றணைகள் இன்னொரு துணை. மாவட்டம் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட குளங்கள். இவ்வளவு ஏற்பாடும் மலையோரத்து ஓடைகளை நம்பி எழுந்தது. சுருளோட்டுப் பக்கத்திலிருந்து வரும் பழையாறு மணக்குடியில் கடலைச் சேரும்வரை குறுகிய தூரமே ஓடுகிறது. அந்தக் குறுகிய ஆற்றின் மலையோரத்து நாளங்களில் ஒன்றுதான் உலக்கை அருவியின் ஓடையும். ராபர்ட் ஹார்ட்டன் 1945இல் ஓடைகளை வரிசைப்படுத்தும் முறையை வகுத்த பிறகு உலகெங்கும் தெரிந்த உண்மை: எந்த ஆற்றை எடுத்தாலும், கிளைகள் எல்லாவற்றின் நீளத்தையும் கூட்டினால் பாதிக்கு மேல் மிகச் சிறிய தலையோடைகளே. நம் நிலவரைபடங்களில் அவை மெல்லிய நீலக் கோடு. பல, கோடாகக்கூட வராதவை.

இந்த மலையின் மேல்மண் ஏற்கெனவே ஒருமுறை பெரிய அடி வாங்கியிருக்கிறது. 1860களில் திருவிதாங்கூர் அரசு மலைநிலங்களைக் காப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்தபோது அசம்பு மலையிலும் காடு வெட்டப்பட்டது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பியையும் சாய்த்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. சிலவற்றில் வேறு பயிர் ஏறியது. இன்று மாறாமலைப் பக்கம் கிராம்பு. கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர். 1984இல் அரசு ரப்பர் கழகமாக ஆன அந்தத் தோட்டங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்வு தந்தவை. அந்த நன்மையை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தண்ணீர்க் கணக்கில் ரப்பர் காட்டுக்கு ஈடாகாது. நம் பக்கத்தில் மார்கழி, தை வாக்கில் அது இலை உதிர்த்து, நிலம் காய்ந்திருக்கும் நேரத்திலேயே புதுத் தளிர் விடும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ரப்பர் பரவிய பள்ளத்தாக்குகளை ஆராய்ந்தவர்கள், வறண்ட பருவத்தின் கடைசியில் அது மண்ணின் ஆழத்து ஈரத்தை வலுவாக இழுப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஓடைக்கு மிக அவசியமான வாரங்களில் நடக்கும் இழுப்பு அது.

காட்டோடை தண்ணீர் மட்டும் கொண்டுவருவதில்லை. மரம் மூடிய ஓடையில் வெயில் விழாது, அதனால் பாசி குறைவு. உணவெல்லாம் மேலிருந்து விழும் இலைதான். ராபின் வனோட்டும் கூட்டாளிகளும் 1980இல் முன்வைத்த ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்து இதிலிருந்தே தொடங்குகிறது. தலையோடையில் இலையைக் கிழித்துத் தின்னும் பூச்சிகள் வாழும், அவை சிதறவிட்ட துகள்களைக் கீழே வேறு உயிர்கள் அரித்தெடுக்கும், இப்படியே கடல்வரை. ஓடையில் கிடக்கும் கையளவுக் கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் போதும். கல்லின் அடியில் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய, அரிசி நீளக் குழல் ஒன்று பற்றிக்கொண்டிருக்கும். அதற்குள்ளே நீர்க்கூட்டுப் பூச்சியின் புழு. தன் வாயிலிருந்து வரும் இழையால் மணலைத் தைத்து அது கூடு செய்கிறது. ஓட்டம் வேகமான இடங்களில் சில வகைகள் அதே இழையால் வலை பின்னி, மிதந்துவரும் துகளைப் பிடிக்கின்றன. வழுக்குப் பாறையில் கல்லொட்டி மீன் வயிற்றுப்புறத்தை ஒட்டவைத்து நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். இவையெல்லாம் குளிர்ந்த, தெளிந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீரில் பிழைப்பவை. ஓட்டம் நின்று தண்ணீர் குட்டைகளாகத் தேங்கினால் சூடேறும், பிராணவாயு குறையும். பல வகைகளுக்கு ஒரே கோடை போதும், அற்றுப்போக. சோப்பும் ஷாம்பும் ஓட்டம் மெலிந்த நாட்களில்தான் கூடுதல் தீங்கு செய்கின்றன என்பதையும் குளிக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. கீரிப்பாறைக்கு மேலே காளிகேசத்தில், காளி கோயிலை ஒட்டி ஓடும் காட்டாற்றில் மழைநாட்களில் வனத்துறை யாரையும் இறங்க விடுவதில்லை. அந்தத் தடையைக் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் 2024 மே 17ஐ நினைத்துக்கொள்ளட்டும். அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. மலையோடையின் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு செங்குத்து. ஐந்து சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 25 கோடி லிட்டர். மண் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதில் பெரும்பங்கு ஒரே மூச்சில் இறங்கும். அருவியடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், முகட்டில் இருட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வரத் தொடங்கினால், அருவியின் சத்தம் கனத்தால், பேசிக்கொண்டிருக்காமல் கரையேற வேண்டும். காடு சிறிய மழைகளின் வெள்ளத்தைத் தணிக்கும். 2021 நவம்பரில் இந்த மாவட்டத்தில் பெய்ததைப் போன்ற மழையை எந்தக் காடும் முழுக்க வாங்கிக்கொள்ளாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் காட்டு மரங்களையும் பெயர்த்துப் போட்டது. வேரோடு சாய்ந்த ஒவ்வொரு மரமும் சரிவில் ஒரு குழியையும் திறந்த மண்ணையும் விட்டுச் செல்கிறது. அதன் பிறகு வந்த கோடைகளில் இந்த ஓடைகளின் ஓட்டம் கூடிற்றா, குறைந்ததா? பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு நினைவு சொல்வார்கள். நினைவை நான் மதிக்கிறேன். ஆனால் நினைவில் லிட்டர் கணக்கு இல்லை. அணைகளின் மட்டத்தை நாள்தோறும் எழுதிவைக்கும் நாம், அவற்றுக்கு வெளியே வடியும் ஓடைகளின் கோடை ஓட்டத்தையும் எழுதிவைத்திருக்க வேண்டும்.

செலவு பெரிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் தாம்சன் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் செல்லும். ஓடையின் குறுக்கே ஒரு தகடு. அதில் 90 பாகைக் கோணத்தில் வெட்டிய முக்கோண வாய். பக்கத்தில் ஓர் அளவுகோல். வாயின் அடிமுனையிலிருந்து தண்ணீர் 15 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் போகிறது. 10 சென்டிமீட்டர் என்றால் நான்கு லிட்டருக்குச் சற்று மேல். ஓட்டம் சிறிதாக இருக்கும்போதே நுட்பமாகக் காட்டுவது இந்த முக்கோண வாயின் சிறப்பு. நமக்கு வேண்டியதும் அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் எழுதிவைக்க முடிகிற எண்.

உலக்கை அருவியின் அடியில் அந்தத் தகட்டை வைக்க முடியாது. குளிக்கிறவர்கள் கால் படும். அருவிக்கு மேலே, இரு பக்கமும் பாறை நெருங்கும் இடத்தில், வனத்துறையின் அனுமதியோடு வைக்க வேண்டும். ஐப்பசி வெள்ளத்தில் உருளும் கல் தகட்டை நெளித்துவிடும் என்பதால், மழைக்கு முன் கழற்றி, மழை ஓய்ந்து தை மாதத்தில் மாட்டுவதுபோல் செய்வது நல்லது. பக்கத்தில் ஒரு மழைமானியும் வேண்டும், இல்லையென்றால் ஏப்ரலில் கூடிய ஓட்டம் கோடைமழையால் வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும். ரப்பர்ச் சரிவிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றில் இதேபோல் இன்னொரு தகடு வைத்தால் ஒப்பிட வழி கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு மழை மாறும் என்பதால் ஓரிரு கோடைகளின் எண்கள் போதாது. பத்துக் கோடையாவது விடாமல் எழுத வேண்டும்.